மறுநடவு மானியம்

மானியம் என்னும் சொல் இன்று நாளேட்டில் இடம்பெறாத நாள் இல்லை. எண்ணெய்க்கு மானியம், உரத்துக்கு மானியம், நெல்லுக்கு மானியம் என்று அது எங்கும் நடமாடுகின்றது. வகுப்பில் மாணவரை எழுப்பி அதன் பொருளைக் கேட்டால், ‘அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் பணம், ஐயா’ என்று தயங்காமல் விடையிறுப்பர். பெரியோர் பலரும் அவ்வாறே எண்ணியிருக்கின்றனர். இந்த ‘இலவசம்’ என்னும் எண்ணத்தைத்தான் சற்றே ஆராய விரும்புகின்றேன். எடுத்துக்காட்டாக நான் கொள்வது, நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த பால்மரத்தின் கதையாகும்.

முதலில் சொல்லை நோக்குவோம். மானியம் என்பது வடமொழியின் வழி வந்தது. மதிப்புக்குரியது என்னும் பொருளை அடியாகக் கொண்டது. பழைய நாளில் கோயிலுக்கும் கற்றோர்க்கும் ஊர்ப்பணியாளர்க்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை மானியம் என்றனர். சோழர் காலக் கல்வெட்டுகள் இத்தகைய நிலத்தை இறையிலி என்று குறிக்கும். அக்காலத்தில் நிலத்தின் விளைவை மேல்வாரம், குடிவாரம் என இரண்டாகப் பிரித்துப் பேசும் வழக்கம் இருந்தது. மானியம் பெற்றவருக்குச் சென்றது மேல்வாரம். உழுத குடிக்கு உரியது குடிவாரம். குடிவாரத்தின் அளவு நியாயமானதா என்பது வேறு வழக்கு. ஆயினும், உழுதவனின் பங்குக்கு ஒரு பெயராவது இருந்தது. இதனை நினைவிற் கொண்டே கடாரத்துக்கு வருவோம்.

கடாரம் என்று தமிழ் வழங்கும் கெடா மாநிலத்தின் கிழக்கோரத்தில், தாய்லாந்து எல்லையை அடுத்து அமைந்தது பாலிங் மாவட்டம். 1955ஆம் ஆண்டு டிசம்பரில் துங்கு அப்துல் ரகுமானும் சின் பெங்கும் சந்தித்துப் பேசிய ஊர் என்று வரலாற்றுப் பாடத்தில் அதனைப் படிக்கின்றோம். நெல்வயல்களுக்குப் பெயர்பெற்ற கெடாவில் இது மேடும் காடுமான பகுதி. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று சிதறிக் கிடந்த கித்தாக் காடுகளை நம்பியே இங்குள்ள பெரும்பாலான குடும்பங்கள் வாழ்ந்தன. (மலாய்மொழியின் ‘கெத்தா’ நம் முன்னோர் நாவில் ‘கித்தா’ ஆயிற்று. இச்சொல்லை மாணவர் கட்டுரையில் எழுதினால் நான் சிவப்பு மையால் அடிப்பதில்லை.) உடைமையாளர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர், சீனரும் உண்டு, தமிழர் சிலரே. தமிழர் பெரும்பாலும் பெருந்தோட்டங்களின் கூலிகளாக வாழ்ந்தவர்கள். ஐம்பதுகளில் ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்று வெளியேறியபோது துண்டாடல் என்னும் கொடுமை தொடங்கியது. அப்போது ஒரு சிலர் சேமிப்பைத் திரட்டி இரண்டு மூன்று ஏக்கர் வாங்கினர். மற்றவர் வேலையும் வீடும் இழந்தனர். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும், அச்சங்கம் கெடாவிலேயே புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியதும் இத்துயரத்தின் விளைவே.

துண்டாடலில் நிலமும் வாங்க இயலாமல், பெருந்தோட்டத்திலும் இடமில்லாமல் போனவர்களுக்கு எஞ்சிய வழி ஒன்றுதான். பிறருடைய சிறு காட்டில் பாதிக்குப் பாதி என்று பேசி மரம் சீவுவது. எடுத்த பாலை விற்று வந்த பணத்தில் ஒரு பாதி நிலத்துக்காரருக்கு, மறு பாதி சீவியவருக்கு. என் பெற்றோர் அவ்வாறு வாழ்ந்தவர்களே.

பால்மரம் நெல்லைப் போன்றதன்று. நட்டு ஆறு ஆண்டுகளேனும் காத்திருந்தால்தான் கத்தி வைக்கலாம். அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் பால் தரும். பிறகு பட்டை தேய்ந்து, முடிச்சு விழுந்து, விளைவு குன்றும். போருக்கு முன் விதையிலிருந்து முளைத்த மரங்கள் ஐம்பதுகளில் அந்த நிலையை அடைந்தன. இதற்கிடையில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பெருந்தோட்டங்களும் உருவாக்கிய ஒட்டுக்கன்றுகள், பழைய மரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு பால் தந்தன. ஆகவே பழைய மரத்தை வெட்டிப் புதிய கன்றை நடுவதே அறிவுடைமை என்று யாவரும் ஒப்புக்கொண்டனர். ஆனால் மூன்று ஏக்கர் வைத்திருப்பவன் அந்த மூன்று ஏக்கரையும் வெட்டிவிட்டு ஆறு ஆண்டுகளுக்கு எதைத் தின்பான்? இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மறுநடவு நிதி பிறந்தது. 1953 முதல் சிறுதோட்டக்காரர்களுக்கு மறுநடவு மானியம் வழங்கப்பட்டது. தொடக்கத்தில் ஏக்கருக்கு 400 வெள்ளி. அப்பத்தாண்டு முடியுமுன் 600 வெள்ளி. பின்னர் மேலும் பன்முறை உயர்ந்தது. பணம் ஒரே தடவையில் கைக்கு வராது. மரம் வெட்டி நிலம் திருத்தினால் ஒரு தவணை, கன்று நட்டால் ஒரு தவணை, களையெடுத்து உரமிட்டு வளர்த்தால் அடுத்தடுத்த தவணைகள் என்று அதிகாரி வந்து பார்த்துச் சென்ற பின்னரே கிடைக்கும். ஒரு பகுதி பணமாக வராமல் உரமாகவும் கன்றாகவும் வந்ததுண்டு. 1973இல் இப்பணியனைத்தும் ரிஸ்டா என்னும் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியத்திடம் வந்து சேர்ந்தது.

இனி, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காண வேண்டும். நாட்டைவிட்டு ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இராத்தல் ரப்பருக்கும் நாலரைக் காசு தனி வரியாகப் பிடிக்கப்பட்டது. மெட்ரிக் அளவைக்கு மாறியபின் அதுவே கிலோவுக்கு 9.92 காசு ஆயிற்று. வரியைக் கட்டியவர் ஏற்றுமதியாளர். ஆனால் உலகச் சந்தையின் விலையை நம் ஏற்றுமதியாளர் நிர்ணயிக்க இயலாது. இலண்டனிலோ நியூயார்க்கிலோ வாங்குபவரிடம் அந்த நாலரைக் காசைக் கூட்டிக் கேட்கவும் இயலாது. ஆகவே அவர் உள்ளூர் வியாபாரிக்குக் கொடுக்கும் விலையில் அதைக் குறைத்தார். பெரிய வியாபாரி சின்ன வியாபாரிக்குக் குறைத்தார். சின்ன வியாபாரி, மிதிவண்டியில் பால்தகட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவனுக்குக் குறைத்தார். பெருந்தோட்டங்கள் தாங்கள் செலுத்தியதற்கேற்பத் தங்கள் பங்கைத் திரும்பப் பெற வழி இருந்தது. சிறுதோட்டக்காரர்களின் வரி பொது நிதியில் சேர்ந்து, மறுநடவு செய்தவர்களுக்கு மட்டும் ஏக்கர் கணக்கில் வழங்கப்பட்டது. பிற்காலத்தில் அரசாங்கமும் ஐந்தாண்டுத் திட்டங்களில் பணம் ஒதுக்கி இந்நிதிக்கு வலுவூட்டியது. அதனை மறைத்தல் முறையன்று. எனினும் அடித்தளம் வரியே.

இதனை ஆறாம் வகுப்புக் கணக்காக மாற்றி நான் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கின்றேன். பழைய மரங்கள் உள்ள மூன்று ஏக்கரில், ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 500 இராத்தல் கிடைப்பதாகக் கொள்வோம். மொத்தம் 1,500 இராத்தல். நாலரைக் காசு வீதம் வரி 67 வெள்ளி 50 காசு. இருபது ஆண்டுகளில் 1,350 வெள்ளி. ஏக்கருக்கு 600 வெள்ளி மானியம் என்றால் மூன்று ஏக்கருக்கு 1,800 வெள்ளி. ‘இலவசம்’ என்று மாணவர் சொன்ன பணத்தில் முக்கால் பங்கு அந்நிலம் ஏற்கெனவே கொடுத்ததாகும். இதுவரை மாணவர் விரைவாக வந்துவிடுவர். அடுத்த வரியில்தான் நிற்பர். அந்நிலத்தைச் சீவியவர் பாதிப் பங்குக்காரர் என்றால், 1,350 வெள்ளியில் 675 வெள்ளி அவர் பங்கிலிருந்து குறைந்த தொகை. மானியத்தில் அவருக்கு எவ்வளவு? விடை சுழியம்.

அவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று எவரும் தீய நோக்கத்தோடு எழுதி வைக்கவில்லை. மானியம் நிலத்துக்கு வழங்கப்பட்டது. நிலத்துக்கு வழங்கினால் பட்டாவில் யார் பெயர் உள்ளதோ அவருக்கே வழங்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் உடைமையாளரின் பெயர், பட்டா எண், நிலத்தின் பரப்பு ஆகியவை கேட்கப்பட்டன. அந்நிலத்தில் நாள்தோறும் கத்தி பிடித்தவர் யார் என்று கேட்க அதில் இடமில்லை. இஃது அன்றைக்குப் புதிதாகத் தோன்றியதும் அன்று. முப்பதுகளில், உலகில் ரப்பர் தேங்கியபோது, 1934ஆம் ஆண்டு அனைத்துலக ஒப்பந்தப்படி உற்பத்தி கட்டுப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் இவ்வளவுதான் விற்கலாம் என்று கூப்பன் கொடுத்தனர். அந்தக் கூப்பனைத் தனியே விற்கவும் முடிந்தது. ஆதலால், மரத்தைச் சீவாமலே கூப்பனை விற்றுப் பணம் பெற்ற உடைமையாளர் உண்டு. அம்மரத்தைச் சீவி வந்தவருக்கு அந்த மாதம் வேலையில்லை, கூப்பனும் இல்லை. அச்சிறுதோட்டக்காரர்களுக்கும் உரிய அளவைவிடக் குறைவாகவே மதிப்பிட்டனர் என்று பி.டி. பாவர் என்னும் பொருளியலறிஞர் போருக்குப்பின் இங்கு வந்து ஆராய்ந்து எழுதினார். கூப்பனை இழந்த கூலியைப் பற்றிக் கணக்கெடுத்து வருந்தியவர் எவரையும் நான் படித்ததில்லை.

‘சிறுதோட்டக்காரர்’ என்னும் சொல்லும் மயக்கம் தருவது. நூறு ஏக்கருக்குக் குறைவாக வைத்திருந்த எவரும் சட்டத்தின்படி சிறுதோட்டக்காரரே. இன்றைய அளவையில் நாற்பது எக்டர். தொண்ணூறு ஏக்கர் உள்ளவர் ஆண்டுக்குப் பதினைந்து ஏக்கராக வெட்டி நட்டுக்கொண்டே, மீதி நிலத்தில் பால் எடுத்து உண்ணலாம். மூன்று ஏக்கர்க்காரருக்கு அவ்வழி இல்லை. அவர் வெட்ட அஞ்சினார். வெட்டாமல் இருந்த ஒவ்வோராண்டும் அவருடைய நாலரைக் காசு, வெட்டியவருடைய புதுக்கன்றுக்கு உரமாயிற்று. எழுபதுகளின் இறுதியில் பலருடைய துண்டு நிலங்களை ஒன்றாக இணைத்துக் கூட்டாக மறுநடவு செய்யும் ‘மினி எஸ்டேட்’ முறையை ரிஸ்டா கொண்டுவந்தது இவ்விடரைக் களையவே. அது நல்ல முயற்சி என்பதே என் கருத்து.

அதற்கு முன்பே பாலிங் மக்கள் ஒருமுறை பொங்கி எழுந்துவிட்டனர். 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து உலகப் பொருளாதாரம் தளர்ந்து, 1974இல் ரப்பர் விலை சரிந்தது. அரிசியும் சர்க்கரையும் விலையேறின. அவ்வாண்டு நவம்பரில் பாலிங் பட்டணத்தில் ஆயிரமாயிரம் பேர் திரண்டனர். பழைய மரம், குறைந்த பால், அதற்கும் கீழான விலை. இம்மூன்றும் ஒருங்கே வந்தால் மனிதன் வேறென்ன செய்வான்? டிசம்பர் 3ஆம் நாள் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காகக் கூடினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். பின்னாளில், 2022இல், பிரதமரான அன்வார் இப்ராகிம் அதன் தொடர்பில் இருபது மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். அரசாங்கம் ரப்பரை வாங்கி விலையைத் தாங்க முற்பட்டது. 1979இல் அனைத்துலக இயற்கை ரப்பர் ஒப்பந்தம் உருவாகி, இருபதாண்டுக் காலம் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அந்த நவம்பரில் எனக்கு ஆறு வயது. வீட்டில் சில நாள் மரவள்ளிக்கிழங்கு மட்டுமே இருந்ததும், கடைக்காரர் கடன் ஏட்டை மூடி வைத்ததும் நினைவில் உள்ளன. அரசியல் எனக்குப் பின்னரே தெரிந்தது.

என் பெற்றோர் சீவிய காடு ஆறு ஏக்கர் பரப்புடையது. உடைமையாளர் பட்டணத்தில் கடை நடத்தியவர். மாதம் ஒருமுறை வந்து கணக்குப் பார்ப்பார். மரங்கள் அனைத்தும் போருக்கு முற்பட்டவை. கீழ்ப்பட்டை முற்றும் தேய்ந்துபோனதால் தந்தையார் ஏணி வைத்து மேல்பட்டையைச் சீவினார். 1980இல் மறுநடவுக்கு ஒப்புதல் கிடைத்தது. மரங்களை வெட்டும் வேலையை உடைமையாளர் என் தந்தையாரிடமே கொடுத்தார். கூலி, மானியத்தின் முதல் தவணையிலிருந்து வந்தது. பதினைந்து ஆண்டுகளாகத் தாம் பால் எடுத்த மரங்களைத் தாமே கோடரியால் சாய்த்தார். எந்த மரம் மழைக்காலத்திலும் நன்றாகச் சுரக்கும், எந்த மரம் சோம்பேறி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சாய்க்கும்போதும் அவற்றைச் சொல்லிக்கொண்டே சாய்த்தார் என்று அம்மா கூறுவார்.

உடைமையாளர் கெட்டவர் அல்லர். இளங்கன்றுகளுக்கு இடையே வாழையும் மரவள்ளியும் நிலக்கடலையும் பயிரிட்டுக்கொள்ள இடம் கொடுத்தார். அதற்கு வாரம் கேட்கவில்லை. இரண்டாண்டுகள் எங்கள் குடும்பம் அதனால் பிழைத்தது. களையெடுக்கும் கூலியும் இடையிடையே கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 கன்றுகள் தழைத்து நிழல் மூடியது. நிழலில் கடலை விளையாது. தந்தையார் ஒப்பந்தக்காரர் ஒருவரின்கீழ் செம்பனைத் தோட்டத்தில் மருந்தடிக்கச் சென்றார். அம்மா அங்கேயே உதிர்ந்த பழம் பொறுக்கினார். 1986இல் புது மரங்களில் கத்தி வைத்தபோது சீவியவர்கள் வேறு குடும்பத்தினர்.

ஏற்றுமதி வரியைப் பற்றி நான் அறிந்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நூலகத்தில்தான். விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது தந்தையாரிடம் அதனை விளக்கினேன். பால் விற்கும் சீட்டில் அவ்வரி எழுதப்படுவதில்லை. ஆதலால் அப்படியொன்று இருப்பதையே அவர் அறியார். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, “அப்படின்னா நாமளும் கொடுத்திருக்கோமா?” என்று மட்டும் வினவினார். ஆம் என்றேன். “எவ்வளவு இருக்கும்?” என்றார். கணக்கிட்டுச் சொன்னேன். அது பெரிய தொகையன்று. ஒரு பழைய மிதிவண்டியும் சில மாதத்து அரிசியும் வாங்கலாம். அவர் அதில் பெரிதும் மனக்குறை கொண்டவராகத் தெரியவில்லை. தாமும் கொடுத்தவர் என்பதை அடுத்த நாள் பக்கத்து வீட்டாரிடம் சொன்னார்; அதற்கடுத்த நாளும் வேறொருவரிடம் சொன்னார். மானியம் வாங்கியவர்களைக் கண்டு இருபதாண்டுகள் ஒதுங்கி நின்ற மனிதர் அவர். ‘உதவி பெறாதவன்’ என்பதற்கும் ‘கொடுத்துவிட்டுப் பெறாதவன்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பொருளியல் நூல்களைவிட அவர் முகத்திலேயே நான் தெளிவாகக் கண்டேன். இதனாலேதான் ‘மறுநடவு உதவி’ என்று படிவங்களில் அச்சிட்டிருக்கும் சொல்லை நான் மாணவருக்கு அப்படியே மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை.

இன்றைய நிலை வேறு. 1988இல் பதினாறரை இலட்சம் டன்னைத் தாண்டிய நம் நாட்டின் இயற்கை ரப்பர் உற்பத்தி, 2023இல் மூன்றரை இலட்சம் டன்னை எட்டவில்லை. மறுநடவு செய்தவர் பலர் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறினர். எஞ்சிய ரப்பரைக் காக்க 2015இல் உற்பத்தி ஊக்கத்தொகை என்றொரு திட்டம் வந்தது. கட்டிப்பாலின் விலை ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் மாதங்களில் அந்தக் குறைவை அரசாங்கம் ஈடுசெய்யும். அந்த அளவைக் கிலோவுக்கு 2.70 வெள்ளியிலிருந்து 3 வெள்ளியாக 2024ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் உயர்த்தியது. விலை 2 வெள்ளி 80 காசு என்றால், கிலோவுக்கு 20 காசு மேலதிகமாக வரும். 200 கிலோ விற்றவருக்கு 40 வெள்ளி. பெரிய தொகையன்று, ஆயினும் இதில் ஒரு புதுமை உண்டு. இதனைப் பெற மலேசிய ரப்பர் வாரியம் வழங்கும் ‘பாட்-ஜி’ என்னும் விற்பனை அனுமதி அட்டை வேண்டும். அவ்வட்டையை நில உடைமையாளர் மட்டுமன்றி, பிறர் நிலத்தில் சீவுபவரும் பெறலாம். ஏக்கருக்கு அல்லாமல், விற்ற பாலின் எடைக்கே பணம் கணக்கிடப்படுகின்றது. 1934இன் கூப்பனிலும் 1953இன் மானியத்திலும் இல்லாத இடம் ஒன்று, சீவுகின்ற கைக்கு இப்போது கிடைத்திருக்கின்றது.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் மேசைக்குப் பாடநூல் மட்டுமே வருவதில்லை என்பதை இந்நூலைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள் அறிவர். பிறப்புச் சான்றிதழ், உதவித்தொகைப் படிவம், கடன் கடிதம் என்று பெற்றோர் எல்லாவற்றையும் கொண்டுவருவர். அண்மையில் எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் இந்த அட்டைக்கான விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார். அவரும் கணவரும் ஐந்து ஏக்கர்க் காட்டில் பாதிப் பங்குக்குச் சீவுகின்றனர். அட்டை இல்லாததால், விலை விழுந்த மாதங்களின் ஊக்கத்தொகை எதையும் அவர்கள் இதுவரை பெறவில்லை. பெயர், அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை நிரப்பினோம். நிலத்தின் விவரமும் உடைமையாளரின் ஒப்புதலும் கேட்கும் இடத்தில் எழுதுகோல் நின்றது. பட்டா இன்னும் உடைமையாளரின் தந்தை பெயரிலேயே உள்ளது. தந்தையும் மகனும் இறந்துவிட்டனர். பேரப்பிள்ளைகள் மூவர், ஒருவர் பினாங்கில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் சிங்கப்பூரில். மூவரும் கூடி நில அலுவலகத்தில் பெயர் மாற்றினால்தான் ஒப்புதல் தெளிவாகும். மாதந்தோறும் பாதிப் பங்கைத் தவறாமல் வாங்கிக்கொள்ளும் பினாங்குப் பேரனின் தொலைபேசி எண் மட்டும் அந்த அம்மையாரிடம் இருந்தது. அதனை வாங்கிப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தேன். மறுநாள் அவரை அழைத்துப் பேசினேன். தீபாவளிக்கு ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கின்றார். படிவம் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றது.